தெற்கு கேட்டின் பூட்டு

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என்னைத் தேடி வந்தார். பைக்கை உடைமர நிழலில் நிறுத்திவிட்டு, செருப்பில் முள் ஏறாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். இரண்டு வருஷமாக அந்த மனிதரைப் பார்க்க நான்தான் சோலார் கம்பெனி வாசலில் கால்கடுக்க நின்றிருக்கிறேன். அவரே என்னைத் தேடி வருகிறார் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

என் பெயர் அமுதவள்ளி. சாயல்குடிக்குக் கிழக்கே கடலை ஒட்டி எங்கள் ஊர். வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் முதுகுளத்தூர்ப் பக்கம் போய்விட்டார். செம்மறிகள் நூற்று முப்பத்தாறும் என் பொறுப்பு. காலையில் மேய்ச்சலுக்குப் பத்தினால் உச்சிப்பொழுதுக்கு ஊருணிக்கு ஓட்டி வந்து தண்ணீர் காட்ட வேண்டும். கோடையில் ஒருநாள் தவறினாலும் ஆடு தாங்காது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள எந்தப் பட்டப்படிப்பும் தேவையில்லை.

சூரியனிலிருந்து கரண்டு எடுப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் வீட்டிலும் பல்பு எரிகிறது. ஆனால் முன்னூறு ஏக்கரில் கண்ணாடிப் பலகைகளை நட்டுச் சுற்றி வேலி போட்டார்களே, அந்த வேலியைப் போட்ட புத்திசாலி எவன் என்றுதான் தெரியவில்லை. வடக்கே மேய்ச்சல். தெற்கே ஊருணி. நடுவில் கம்பெனி. எங்கள் ஆடுகள் காலகாலமாக நடந்த தடம் கம்பெனியின் வயிற்றுக்குள் போய்விட்டது. தாலுகா ஆபீசில் மூன்று தடவை போய் உட்கார்ந்து, கத்தி, கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வேலியில் வடக்கே ஒரு கேட், தெற்கே ஒரு கேட். மத்தியானம் ஒரு மணிநேரம் இரண்டையும் திறந்துவிடுவார்கள். மந்தை நடுப்பாதை வழியாகப் போய்த் தண்ணீர் குடித்துத் திரும்பும். எழுத்தில் ஒன்றுமில்லை, வாய்ப்பேச்சுதான். அதைவிட்டால் வேலியைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதில் பாதி, லாரிகள் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை.

மேனேஜர் ஹைதராபாத்துக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. "அம்மா, மழை பேஞ்சி உள்ள புல்லு ரொம்ப வந்துட்டது. மெஷின் போட்டா கல்லு தெறிச்சி கண்ணாடி உடையுது. காஞ்ச புல்லு, நெருப்பு புடிக்கும். உங்க ஆடு பத்து நாளு உள்ளயே இருந்து சாப்பிடட்டும்" என்றார்.

"வெள்ளாடு முதுகுளத்தூர்ப் பக்கம் போயிருச்சே சார். செம்மறிதான் இருக்கு."

"செம்மறிதான் வேணும். வெள்ளாடு மேல ஏறி வயர் கடிக்கும்."

"ராத்திரியும் அங்கனயே அடைக்கவா?"

"ஆமா, ஆமா. நைட்டும் உள்ளயே."

ராத்திரி அடைக்கிறது என்றால் எங்கள் கணக்கில் அது கிடை. அறுப்பு முடிந்த வயலில் மந்தையை ராத்திரி அடைத்தால் புழுக்கையும் கோமியமும் மண்ணுக்குச் சேரும், அடுத்த வெள்ளாமைக்கு அதுதான் உரம். மிளகாய்க் கொல்லைக்காரர்கள் வீடு தேடி வந்து அழைப்பார்கள். அப்படி அழைத்தவர் ஆடு மேய்ப்பவருக்குச் சோறும் ஆட்டுக்குத் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். இதை யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை. 'தண்ணி தருவீர்களா' என்று கேட்டால் அழைத்தவர் முகம் சுருங்கிவிடும், அவரை நம்பவில்லை என்று ஆகும். என் மாமனார் காலத்திலிருந்து ஒருவர்கூட அந்த முறையை மீறியதில்லை. கருமி என்று பெயரெடுத்தவர்கள்கூடத் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அதனால் நானும் கேட்கவில்லை. பேண்ட் போட்ட கம்பெனிக்கும் கிடை முறை தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

திங்கட்கிழமை காலையில் மந்தை உள்ளே போனது. உள்ளதைச் சொல்ல வேண்டும், இடம் நன்றாகத்தான் இருந்தது. முழங்கால் உயரப் புல். பலகைகளுக்கு அடியில் நல்ல நிழல். முந்தின நாள்தான் ஈன்றிருந்த கழுத்துக்கருப்பி தன் குட்டியோடு நிழலில் படுத்துக்கொண்டே மேய்ந்தது. மத்தியானம் வாட்ச்மேன் சித்திரவேலு தெற்கு கேட்டைத் திறந்துவிட்டான். ஊருணியில் எல்லாம் வயிறு நிறையக் குடித்துவிட்டு உள்ளே திரும்பின. ராத்திரி அங்கேயே வலையை வளைத்துக் கட்டி அடைத்தேன். சோறு வரவில்லை. சரி, பழக்கமில்லாதவர்கள், போகட்டும் என்று வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெற்கு கேட்டில் பூட்டு தொங்கியது. சித்திரவேலு பக்கத்து ஊர்க்காரன், என்னை மதினி என்று கூப்பிடுகிறவன். தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"மதினி, சாவி என்ட்ட இல்ல. மேனேஜரு கொண்டு போயிட்டாரு. வியாழக்கிழமை பெங்களூர்ல இருந்து பெரிய ஆளுக வாராகளாம். நடுப்பாதையில புழுக்கையாக் கெடக்குன்னு காலையில லாரி வச்சுக் கழுவி விட்டுருக்கு. அவுக வந்து போறவரைக்கும் அதுல ஆடு நடக்கப்படாதாம்."

"அப்ப தண்ணிக்கு?"

"அதைச் சொல்லலையே."

போன் போட்டேன். மேனேஜர் மதுரையில் இருந்தார். "ஈவ்னிங் பாக்குறேன் அம்மா" என்றார். சாயங்காலம் போன் போட்டேன். "மார்னிங் கண்டிப்பா" என்றார். வடக்கு கேட் வழியாக வெளியே ஓட்டிப் போய்விடுகிறேன் என்று சித்திரவேலுவிடம் சொன்னேன். அவன் மேனேஜருக்குப் போன் செய்து கேட்டுவிட்டு வந்தான். "போகலாமாம் மதினி. ஆனா வியாழக்கிழமைக்கு முந்தி ஆட்டை வெளிய கொண்டு போனா, இனி மத்தியானத்துக்குக் கேட் திறக்கவே கூடாதுன்னு சொல்றாரு" என்றான்.

பாதையைக் காட்டி மிரட்டினார்கள். அந்த ஒரு மணிநேரப் பாதை போனால் என் மந்தையும் போனது மாதிரிதான். நான் உள்ளேயே இருந்தேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. புதன்கிழமை காலையில் வந்துவிடுவார், மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் மதுரையில் ஹோட்டல் பார்த்துக்கொண்டிருந்தார், வருகிறவர்களுக்கு ஏசி ரூம் வேண்டுமே.

தாகம் எடுத்த செம்மறி கத்தாது. அதுதான் கொடுமை. வெள்ளாடு என்றால் ஊரைக் கூட்டிவிடும். செம்மறி ஒன்றன் வயிற்றடியில் ஒன்று தலையைச் செருகிக்கொண்டு கும்பலாக நிற்கும். காய்ந்த புல் தொண்டையில் இறங்காது, மேய்ச்சலை நிறுத்திவிடும். பிறகு அசைபோடுவதையும் நிறுத்திவிடும். புதன்கிழமை மத்தியானம் நூற்று முப்பத்தாறு வாய்களில் ஒன்றுகூட அசையவில்லை. முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு ஆடுகள் பட்டினி கிடந்தன.

அன்று வெயில் தாழ டேங்கர் லாரி வந்தது. நான் கும்பிட்ட சாமியெல்லாம் கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன். லாரி வந்தது கண்ணாடி கழுவ. பகலில் கழுவினால் சூட்டோடு சூடாகத் தண்ணீர் பட்டுக் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமாம், அதனால் வெயில் தாழக் கழுவுவார்களாம். கண்ணாடிக்குச் சூடு தாங்குமா தாங்காதா என்று அவ்வளவு அக்கறை! குழாயைத் திறந்ததும் பலகைகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மந்தை மொத்தமும் வலையைத் தள்ளிக்கொண்டு ஓடியது. பலகையின் ஓரத்தில் வாய் வைத்து, சொட்டுகிற தண்ணீரை நக்கின. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நக்கின.

லாரி ஓட்டுகிற பாக்கர் பாய் கீழே குதித்து ஓடி வந்தார். துபாயில் பத்து வருஷம் டேங்கர் ஓட்டிவிட்டு வந்தவர், ஏர்வாடிக்காரர்.

"ஏம்மா, குடிக்க விடாதம்மா! அழுக்குப் போறதுக்கு மருந்து கலந்திருக்கு. டேங்குக்குள்ளயே கலந்துதான் தாராக. வயித்துக்குள்ள போனா ஆடு நிக்காது. விரட்டும்மா!"

கம்பை எடுத்தேன். தாகத்தில் நக்கிய என் ஆடுகளை நானே அடித்தேன். மூக்கில் அடித்தேன், முகத்தில் அடித்தேன். இருபது வருஷமாக மேய்க்கிறேன், ஆட்டின் முகத்தில் அடித்ததில்லை. அடிக்க அடிக்கத் திரும்பத் திரும்ப வந்தன. பாக்கர் பாய் குழாயை மூடிவிட்டு, லாரி கேபினில் தனக்கு வைத்திருந்த இரண்டு கேன் குடிதண்ணீரையும் இறக்கினார். "யா அல்லாஹ், எம்புட்டு ஆட்டுக்குப் பத்தும் இது" என்று அவரே சொல்லிக்கொண்டார். குட்டி போட்ட ஆடுகளுக்கும் சினை ஆடுகளுக்கும் மட்டும் ஆளுக்கொரு சட்டி காட்டினேன். மற்றவை பார்த்துக்கொண்டு நின்றன. அன்றைக்கு அந்தக் கம்பெனியில் என் ஆடுகளைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

வியாழக்கிழமை விடிந்தபோது கழுத்துக்கருப்பியின் குட்டி செத்துக் கிடந்தது. தாய்க்கு அந்த ஒரு சட்டித் தண்ணீர் போதவில்லை, மடியில் பால் இல்லை. ராத்திரி முழுக்க முட்டிப் பார்த்திருக்கிறது. காம்பெல்லாம் சிவந்து போயிருந்தது. தாய் அதை நக்கி நக்கி எழுப்பப் பார்த்தது, நக்குவதற்கு அதன் நாக்கிலும் ஈரம் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை.

இதற்கு மேல் எந்தப் பாதையும் வேண்டாம், வடக்கே ஓட்டிவிடலாம் என்று வலையைச் சுருட்டினேன். அதற்குள் வடக்கு கேட் வழியாக ஒரு மினி லாரி வந்தது. அதில் ஆறு நீலத் தொட்டிகள், கடை ஸ்டிக்கர்கூட உரிக்காதவை. பின்னாலேயே மேனேஜரின் கார். அதிலிருந்து சாருஜா இறங்கினாள். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா அம்மா மன்னாரிலிருந்து வந்தவர்கள். பி.காம் படித்துவிட்டு, ஊர்க்காரர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேசுகிற வேலையில் சேர்ந்திருந்தாள். ஆபீசில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மேனேஜரிடம் குட்டியைக் காட்டினேன். "சாரி அம்மா, சாரி" என்றார். சித்திரவேலுவைப் பார்த்து, "அதை எடு, எடு, அவங்க வராங்க" என்றார். அவன் ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். தொட்டிகளை ஆபீசுக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். நல்ல தண்ணீர் லாரி ஒன்று எங்கிருந்தோ வந்து நிரப்பியது. இரண்டு நாளாக வராத தண்ணீர்! நான் மந்தையைத் தொட்டிப் பக்கம் திருப்பப்போனேன். "வெயிட், வெயிட். அவங்க வந்தப்புறம்" என்று மேனேஜர் கையை நீட்டித் தடுத்தார். தண்ணீருக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றோம். அந்த அரைமணி நேரத்தில் மேனேஜர் தொட்டியிலிருந்த ஸ்டிக்கர்களை உரித்துக்கொண்டிருந்தார்.

பெங்களூர் அம்மா வந்தார். கம்பெனிக்குப் பணம் போடுகிறவர்கள் அனுப்பிய ஆளாம். 'நிலைத்த மேய்ச்சல், கால்நடை நலன்' என்று ஒரு சான்றிதழ் இருக்கிறதாம், அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க வந்திருந்தார். நல்ல கைத்தறிச் சேலை, சாந்தமான முகம். அவர் வந்து நின்றதும் மேனேஜர் எனக்குக் கை காட்டினார். நான் கம்பை விலக்கினேன். மந்தை தொட்டிகளின்மேல் பாய்ந்தது. ஒரு தொட்டி கவிழ்ந்தது. அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். எவ்வளவு சந்தோஷமாகக் குடிக்கின்றன என்று சொன்னதாகச் சாருஜா மொழிபெயர்த்தாள். போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு அந்த அம்மா ஒரு கிடாயின் காதைப் பிடித்துப் பார்த்தார். எங்கள் மந்தை என்று தெரிவதற்காகக் காது நுனியை வெட்டி அடையாளம் வைப்போம். அவர் முகம் மாறிவிட்டது.

"இது அதுகளுக்கு வலிக்குமே, ஏன் இப்பிடிச் செய்றீங்கன்னு கேக்குறாங்க அக்கா" என்றாள் சாருஜா.

வலிக்கும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று காலையில் ஒரு குட்டி சாக்கில் போய்ச் சேர்ந்த இடத்தில், கொடுமைக்காரி என்ற பெயர் எனக்கு வந்தது! எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "மேடம், நோ வாட்டர். டூ டேஸ் நோ வாட்டர்." பிளஸ் டூவில் இங்கிலீஷில் எனக்கு அறுபத்தெட்டு மார்க். அந்த அம்மா தொட்டிகளைப் பார்த்தார். அதற்குள் ஆறும் காலி, ஆடுகள் அடியை நக்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். லாரிக்காரர் மறுபடி நிரப்பினார். தொட்டி காலியாகிவிட்டது என்று நான் சொன்னதாக அவர்களுக்கு அர்த்தமாகியிருக்கிறது. இரண்டு நாளாக நான் பட்ட பாடு இரண்டாவது ரவுண்டு தண்ணீரோடு தீர்ந்துபோனது.

கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். கூடவே மை டப்பா. ஆடு மேய்க்கிறவள், கைநாட்டுத்தானே என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். மையைத் தள்ளிவிட்டுப் படிவத்தைக் கையில் வாங்கிப் படித்தேன். தமிழில்தான் இருந்தது, சாருஜா அடித்தது. 'கால்நடைகளுக்கு எந்நேரமும் தூய குடிநீர் கிடைக்கிறது.' அதற்கு எதிரே ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. 'கால்நடைகள் அச்சமின்றி வாழ்கின்றன.' டிக். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'வளாகத்துக்குள்ளேயே குடிநீர் வழங்கப்படுவதால் தெற்கு வாயில் வழி இனித் தேவைப்படவில்லை என்பதை மேய்ப்பாளர் ஏற்கிறார்.'

சாருஜாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆக, வெளியே ஓட்டிப் போனாலும் பாதை போகும், இங்கேயே இருந்து கையெழுத்துப் போட்டாலும் பாதை போகும். எதற்காக அந்த இரண்டு நாளும் உள்ளே கிடந்தேனோ அதையே என் கையால் எழுதி வாங்கத் தாளை அடித்து வைத்திருக்கிறார்கள். புல்லையும் தின்று கொடுத்து, புழுக்கையும் போட்டு, குட்டியையும் கொடுத்து, வழியையும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பேனாவைக் கேட்டேன். 'மேய்ப்பாளர் கருத்து' என்று ஒரு பெரிய கட்டம் காலியாக இருந்தது. அதில் கொட்டை எழுத்தில் எழுதினேன்:

'செவ்வாய்க்கிழமை தெற்கு கேட்டைப் பூட்டினீர்கள். இரண்டு நாள் என் ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு குட்டி செத்தது. அந்தப் பாதை எங்கள் பாதை. தெற்கு கேட்டைத் திறந்து விடுங்கள். இப்படிக்கு, அமுதவள்ளி.'

பெங்களூர் அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வியந்தார். மேனேஜர் சாருஜாவிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் தாளைப் பார்த்தாள். அவள் உதடு காய்ந்திருந்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னாள். அதில் 'தேங்க்ஸ்' என்ற வார்த்தை எனக்கு நன்றாகக் கேட்டது. அந்த அம்மா என் எழுத்தைத் தனியாக ஒரு போட்டோ எடுத்தார். என் பெயர் கீழே இருந்ததால் அதையே கையெழுத்தாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. மேனேஜர் மேல்கூட அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. இவளுக்குத் தெரியுமே!

கார்கள் போன பிறகு அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏத்தா, நான் எழுதுனது நன்றியா?"

"அக்கா, எனக்கு விளங்குது. ஆனா முகாம் ஆளுக்கு வேற எவன் வேலை தருவான்? என்ர சம்பளத்துலதான் வீடு ஓடுது" என்று அழுதாள். நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மந்தையை வடக்கே ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து மத்தியானம் எந்தக் கேட்டும் திறக்கவில்லை. கேட்டால், நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாயே என்றார்கள். ஒன்றரை மாதம் ஏழு கிலோமீட்டர் சுற்றினோம். விடியுமுன் கிளம்பி, லாரிகளுக்குப் பயந்து, ரோட்டோரமாக ஒற்றை வரிசையில் நடத்திப் போய்த் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மேய்கிற நேரம் போய்விடும். ஆடுகளின் விலா எலும்பை எண்ணலாம் போல் ஆகிவிட்டது. சினை ஆடு இரண்டு வழியிலேயே கருவைப் போட்டன. தாலுகா ஆபீசுக்குப் போனால், கம்பெனிக்குக் கால்நடை நலச் சான்றிதழே வந்துவிட்டதம்மா என்று சிரித்தார்கள்.

ஆனி மாதம் ஒருநாள், தண்ணீர் காட்டப் போகிற வழியில், கம்பெனியின் மெயின் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு நிற்பதைப் பார்த்தேன். லாரியில் பெங்களூரிலிருந்து வந்ததை வடநாட்டுப் பையன்கள் முந்தின நாள் சாயங்காலம் நட்டார்களாம். மேலே இங்கிலீஷில் ஏதோ வாசகம். நடுவில் என் ஆடுகள் நீலத் தொட்டியில் முண்டியடித்துத் தண்ணீர் குடிக்கிற படம். அதற்குக் கீழே, போர்டின் பாதியை அடைத்துக்கொண்டு, என் கையெழுத்து. நான் அந்தக் கட்டத்தில் எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே, ஒவ்வொன்றும் ஒரு முழ உயரத்தில்.

நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். அதற்குள் அங்கே நாற்பது ஐம்பது பேர். தூத்துக்குடி போகிற பஸ் ஓரங்கட்டி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி உரக்கப் படித்தார்: "இரண்டு நாள் என் ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு குட்டி செத்தது..." பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை, "எந்தப் பாவிப் பயலுக அவுக?" என்று கேட்டாள். கண்டக்டர் கம்பெனி கட்டடத்தைக் கையால் காட்டினார். ஆளாளுக்குப் போனில் படம் பிடித்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்து மேனேஜருக்கு ஏக சந்தோஷம். வாசலில் நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மா, உங்களை ஃபேமஸ் பண்ணிட்டோம்!" என்றார்.

அவருக்குப் பின்னால் சாருஜா நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் பேசினாள். "அண்டைக்குப் பயத்துலதான் அப்பிடிச் சொன்னன் அக்கா, இப்ப நான் பொய் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு நித்திரையே இல்லை. போன மாசம் இந்தப் படத்தை அனுப்பி, தமிழ்ல பிழை இருக்கோன்னு பெங்களூர்ல கேட்டாங்க. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை, அப்பிடியே அடியுங்கோன்னு பதில் போட்டன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். வேறென்ன செய்ய முடியும், அன்றைக்கு அவளைத் திட்டாத வார்த்தை இல்லை.

அப்போது சித்திரவேலு, மேனேஜர் திருப்பிக் கொடுத்திருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் கூண்டிலிருந்து இறங்கினான். நடுப்பாதையில் தெற்கே நடந்தான்.

"டேய், எங்க போற?" என்றார் மேனேஜர்.

"தெற்கு கேட்டைத் திறக்க சார்."

"யார் சொன்னா?"

"கம்பெனிதான் சார். போர்டுலயே போட்டுருக்கே. 'தெற்கு கேட்டைத் திறந்து விடுங்கள்'னு இம்புட்டுப் பெருசா எழுதி, லாரியில வந்து நட்டுருக்காக. மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?"

கூட்டம் ஓவென்று கத்தியது. மேனேஜரின் சிரிப்பு நின்றது. போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாருஜாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் ரோட்டோரம் நின்றிருந்த மந்தையின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன். யாரோ மெயின் கேட்டையே அகலத் திறந்துவிட்டார்கள். ஆடுகளுக்கு வழி மறக்கவில்லை. ஒன்றரை மாதத்துக்குப் பிறகும் நடுப்பாதையில் தலையை நிமிர்த்திக்கொண்டு நேராகப் போயின. ஊர் சனம் இரண்டு பக்கமும் கூடவே நடந்தது. அத்தனை பேர் முன்னால் கேட்டைப் பூட்டச் சொல்ல மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை.

ஊருணியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது, ஆனால் இருந்தது. ஆடுகள் இறங்கின. கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் சகதியில் ஷூ புதையப் புதைய வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும். கூடவே சாருஜா.

"அம்மா, கேட் ஓப்பன் பண்ணியாச்சு. இனிமே டெய்லி ஓப்பன். நான் சொல்றேன். அந்த போர்டு இப்பவே எடுத்துடுறோம். புதுசுக்கு நல்லதா ரெண்டு லைன் எழுதிக் குடுங்க. மேல கேக்குறாங்க."

தாளை வாங்கினேன். நன்றி என்று ஒரு வார்த்தை எழுதினால் அந்த மனிதர் தப்பித்துவிடுவார், சாருஜாவின் வேலைகூட ஒருவேளை நிற்கும். ஒரு நிமிஷம் யோசித்தேன், அதை மறைக்கவில்லை. கழுத்துக்கருப்பி கரையோரமாகத் தனியாக நின்று குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை மாதத்தில், அன்று போர்டைப் படித்து ஆத்திரப்பட்ட அத்தனை பேரையும் சேர்த்து, அந்தக் குட்டியை எங்கே போட்டீர்கள் என்று கம்பெனியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

எழுதினேன். 'சாக்கில் போட்டு எடுத்துப் போன குட்டியை எங்கே போட்டீர்கள்?'

மேனேஜர் தாளைச் சாருஜாவிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இந்தத் தடவை அவள் தரையைப் பார்க்கவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள்.